ஆறு துளைத் தட்டும் ஒரு கிணறும்

மருதனார்மடத்துப் பட்டறையை விட்டு நடக்கத் தொடங்கி இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. தெல்லிப்பழையைத் தாண்டிவிட்டேன். தோளில் ஒரு சாக்குப் பை. அதற்குள் சுத்தியல், இரண்டு அரம், கம்பித் தூரிகை, வெல்டிங் வேலையில் தகடுகளை மூலைமட்டமாகப் பிடித்து வைக்கிற காந்தம், மாற்றுடுப்பு. முதலாளியோடு சண்டை ஒன்றும் இல்லை. ஒரே பூப்போட்ட இரும்புக் கேற்றையே திரும்பத் திரும்பப் பத்து மாதம் செய்தேன். பதினோராவது மாதம் முடியவில்லை. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதும் ஏறக்குறைய இப்படித்தான்.

வடக்கே போனால் வேலை கிடைக்கும் என்று நினைத்தேன். காங்கேசன்துறைப் பக்கம் இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிகள் விடுபட்டு, சனம் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம் அது. வந்தவர்களுக்குக் கதவு இல்லை, யன்னல் இல்லை, பல இடங்களில் சுவரே இல்லை. இரும்பு தெரிந்தவனுக்கு எங்காவது ஒரு மூலையில் படுக்க இடமும் சோறும் கிடைக்கும்.

அது நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது கை நடுங்குகிறது, தொழிலை விட்டுவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு வெல்டிங் பிடிக்கவோ அரம் போடவோ நான் சொல்லித்தரத் தேவையில்லை. அதற்கு என்னைவிடத் திறமான ஆட்கள் உங்கள் பட்டறையிலேயே இருப்பார்கள். அன்று நான் விட்ட ஒரு பிழையை மட்டும் சொல்கிறேன்.

பிரதான வீதியை விட்டு ஓர் ஒழுங்கையில் இறங்கியபோது ஒரு பெண் கையைக் காட்டி மறித்தார். ஐம்பது வயது இருக்கும். பின்னால் தகரக் கொட்டில் ஒன்று, அதைச் சுற்றி வேலி இல்லாத வெறுங்காணி. பையிலிருந்து சுத்தியல் பிடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறார்.

"அண்ணை, நீங்கள் இரும்பு வேலையோ?"

"ஓம்."

"அப்ப ஒருக்கா வந்து பாருங்கோ. கிட்டப் போகாதேங்கோ, தூர நிண்டு பாருங்கோ."

சமையலுக்குக் குசினி கட்டத் தூண் நடக் கிண்டிய குழிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே ஏதோ இருக்கிறதாம். மண்வெட்டியில் "டங்" என்று கேட்டதும் அவர் வாளியைக் கவிழ்த்துவிட்டு ஓடி வந்துவிட்டார். அந்த மண்ணில் இரும்பு தட்டுப்பட்டால் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து தேடி முடித்துவிட்டுப் போன காணிதான். ஆனாலும் பயம் காணியை விட்டுப் போயிருக்கவில்லை.

முழங்காலூன்றி வாளியை மெல்லச் சரித்தேன். ஒரு தட்டு. ஒரு சாண் நீளம், மூன்று விரல் அகலம், பெருவிரல் மொத்தம். துருவேறிக் கறள் பிடித்து மண்ணோடு மண்ணாக இருந்தது. நடுவில் வரிசையாக ஆறு துளைகள், பெரிதிலிருந்து சிறிதாக. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. கையில் எடுத்துத் தட்டிக் காட்டினேன்.

"வெடி இல்லை அக்கா. இது தொழில் சாமான்."

"என்ன சாமான்?"

"கம்பி இழுக்கிற தட்டு. நகை வேலை செய்யிற ஆக்கள் பாவிக்கிறது. தடிச்ச கம்பியைப் பெரிய துளையிலை விட்டு இழுத்து, பிறகு அடுத்ததிலை, பிறகு அதுக்கடுத்ததிலை. அப்பிடியே நூல் மாதிரி வரும்."

திருகோணமலையில் ஒரு நகை வேலைக்காரரின் பின்னறையில் மூன்று மாதம் கரி ஊதியிருக்கிறேன். அங்கே அப்படி ஒன்று சுவரில் தொங்கியது. வரிசையாக இறங்கும் துளைகள் என்றதும் அதுதான் நினைவுக்கு வந்தது.

பிழை இதுதான். வெடியா இல்லையா என்பது ஒரு கேள்வி. என்ன சாமான் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்த சந்தோசத்தில் இரண்டாவதுக்கும் அதே மூச்சில் பதில் சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் அப்படியே மண்ணில் குந்திவிட்டார். பிறகு எழும்பிப் பக்கத்துக் காணியை நோக்கிக் கூப்பிட்டார்.

"தியாகர் ஐயா! ஓடி வாங்கோ! நகை வேலைச் சாமானாம்! இரும்பு தெரிஞ்ச அண்ணை சொல்லிப்போட்டார்!"

அவர் பெயர் பரமேஸ்வரி. பரமேசு என்று கூப்பிடுவார்கள். அவருடைய காணியும் மேற்கே தியாகரின் காணியும் ஒட்டியவை. இரண்டு பேரின் காணி உறுதிப் பத்திரத்திலும் எல்லை என்று எழுதியிருந்தது ஒன்றுதான்: கொல்லுப்பட்டறை. அந்த இடத்தில் இப்போது இருந்தவை இரண்டு பழைய அத்திவாரங்கள். ஒன்று கிழக்கே, பரமேசக்கா தூண் நடக் கிண்டிய இடத்தில். மற்றது மேற்கே, இருபது இருபத்தைந்து யார், எழுபது அடியளவு தள்ளி. ஒரு காலத்தில் ஒன்றில், அதாவது அந்தப் பட்டறையில், இரும்படித்தார்களாம், மற்றதில் நகை வேலை செய்தார்களாம். எது எது என்று சொல்ல ஒருவரும் உயிரோடு இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கிணறு. சுற்றுவட்டாரத்தில் மற்றக் கிணறுகள் உவர், அது ஒன்றுதான் நல்ல தண்ணீர்.

கணக்கு எளிது. கிழக்கு அத்திவாரம் நகைக் கொட்டில் என்றால் பட்டறை மேற்கே இருந்தது. அப்போது எல்லை மேற்கே போகும், கிணறு பரமேசக்காவுக்கு. கிழக்கு அத்திவாரமே பட்டறை என்றால் எல்லை அதோடு நின்றுவிடும், கிணறு தியாகருக்கு. அன்று மூன்று மணிக்கு விதானையார், அதாவது கிராம அலுவலர், வர இருந்தார். இருவரும் ஒப்பி அவர் முன்னால் கையெழுத்து வைத்தால் பிறகு அளக்கிறவர் வந்து எல்லைக்கல் போடுவார். ஒப்பாவிட்டால் வழக்கு. இரண்டு பேருக்கும் அதற்குத் தென்பு இல்லை.

தியாகர் எழுபது வயது மனிதர். சேட்டுப் போடாமல் சால்வையோடு வந்தார். தட்டை வாங்கி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"எனக்கு உது விளங்காது தம்பி. இது என்ரை மனிசியின்ரை சீதனக் காணி. நான் கொழும்பிலை தபால் கந்தோரிலை இருந்தனான். இஞ்சை லீவுக்கு மட்டும் வந்த மாப்பிள்ளை. மனிசி இருந்தால் ஒரு சொல்லிலை சொல்லியிருப்பா." தட்டைத் திருப்பித் தந்தார். "தொழில் தெரிஞ்ச நீர் சொன்னால் சரி. நான் கையெழுத்து வைக்கிறன்."

ஒரு பேச்சு, ஒரு விவாதம் இல்லை. அவ்வளவு லேசாக ஒருவர் என் சொல்லை நம்பியது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

பரமேசக்கா என்னை விடவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். சோறு, பாரை மீன் குழம்பு, முருங்கையிலை வறை. பரிமாறிக்கொண்டே கதைத்தார்.

"இடம்பெயர்ந்து இருபத்தேழு வருசம் அண்ணை. ஏழு வீடு மாறியிருப்பன். எல்லா வீட்டிலையும் தண்ணி கேட்டு அள்ளினனான். ஒரு வீட்டுக்காரி நான் எத்தினை வாளி அள்ளுறன் எண்டு யன்னலுக்குள்ளாலை எண்ணுவா. துலாக்கொடியைப் பிடிச்சால் அவவின்ரை கண் முதுகிலை படும். இனி என்ரை கிணத்திலை விடிய எழும்பித் தலையிலை தண்ணி வார்க்கவேணும். ஆரையும் கேளாமல்."

நான் சாப்பிட்டேன். உண்மையில் நன்றாகச் சாப்பிட்டேன், முதல் நாள் இரவு ஒன்றும் இருக்கவில்லை. சாப்பிட்ட கையோடு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. அவருடைய அடுப்பு மண்ணெண்ணெயில் கொஞ்சம் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வாங்கி, தட்டின்மேல் ஊற்றி, கம்பித் தூரிகையால் தேய்க்கத் தொடங்கினேன். துப்புரவாகக் கொடுத்தால் விதானையாருக்குக் காட்ட அழகாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதலாவது துளையின் கறள் விழுந்தபோது அது வட்டமாக இருக்கவில்லை. சதுரம்.

இரண்டாவதும் சதுரம். ஆணியால் கிண்டி ஆறையும் பார்த்தேன். எல்லாம் சதுரம். கறள் மூலைகளை நிரப்பித்தான் வட்டமாகக் காட்டியிருக்கிறது. சதுரக் கம்பி இழுக்கிற நகைத் தட்டும் உண்டு, அதனால் அதை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இந்த முறை அவசரப்படவில்லை. ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் வித்தியாசம் பார்த்தேன். விரல் மொத்தத்திலிருந்து ஒரேயடியாகப் பென்சில் மொத்தம். அப்படி இழுத்தால் எந்தக் கம்பியும் அறுந்துபோகும். கம்பித் தட்டில் துளைகள் படிப்படியாக, கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் இறங்கும். துளைக்குள் விரல் நுனியை விட்டேன். அரம் போட்ட கரடு. கம்பி ஓடிய இடம் கண்ணாடிபோல் இருக்கவேண்டும். மேல் முகத்தில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சுத்தியல் அடிபட்டுச் சப்பளிந்திருந்தது. கீழ்ப்பக்கம் துளை அகன்றது. அகன்றது ஏன் என்று யோசித்ததும் விடை வந்துவிட்டது: கீழே தட்டினால் உள்ளே இருப்பது விழவேண்டும்.

ஆணிக்குத் தலை அடிக்கிற தட்டு. சூட்டுக் கம்பியைத் துளைக்குள் விட்டு, மேலே நிற்கிற மிச்சத்தை அடித்துப் பரத்தினால் தலை. சதுர ஆணி, வள்ளத்துப் பலகைக்குப் போடுவது. கடற்கரை அரை மைலில் இருந்தது. இதை இரும்படிக்கிறவன்தான் வைத்திருப்பான்.

மணி இரண்டேகால். நேரம் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. தியாகர் ஒப்பிவிட்டார். விதானையாருக்கு இரும்பு தெரியாது. தட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால் அந்தப் பெண்ணுக்குக் கிணறு கிடைக்கும். என் வயிற்றில் அவருடைய சோறு. தியாகரிடம் நான் ஒரு பிளேன்டீகூடக் குடிக்கவில்லை.

இப்படியான நேரத்தில் நல்லது கெட்டது என்று பெரிதாக எதுவும் எனக்குத் தோன்றுவதில்லை. தோன்றியது இவ்வளவுதான்: அந்த மனிதர் "தொழில் தெரிஞ்ச நீர்" என்று சொன்னார். என்னிடம் வீடு இல்லை, படிப்பு இல்லை, தொழில் தெரியும் என்பது ஒன்றுதான் இருந்தது. அதை இன்றைக்கு விற்றால் நாளைக்கு எதைக் கொண்டு நடப்பது?

முதலில் பரமேசக்காவிடம்தான் சொன்னேன். தியாகர் முன்னால் வைத்துச் சொல்வது சரியாகப் படவில்லை. பானை கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் பிழை சொல்லிப்போட்டன். இது நகைச் சாமான் இல்லை. ஆணி அடிக்கிற தட்டு. இரும்புப் பட்டறைச் சாமான்."

அவர் பானையை வைத்தார். தட்டைப் பார்த்தார், மண்ணெண்ணெய்ச் சிரட்டையைப் பார்த்தார், தூரிகையைப் பார்த்தார்.

"உம்மை ஆர் அதைக் கழுவச் சொன்னது?"

காலையில் "நீங்கள்" என்றவர் இப்போது "உம்மை" என்றார்.

"என்ரை சோத்தைத் திண்ட கையாலை கழுவினீரோ? வெடி எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமே. ஆமிக்காரன் வந்து தூக்கிக்கொண்டு போயிருப்பான்."

"அக்கா..."

"அக்கா சொக்கா எண்டு கதைக்காதையும்." பானையை எடுத்துத் திரும்பவும் கழுவினார். பிறகு சட்டென்று திரும்பினார். "சரி. ஆணித் தட்டு எண்டே வையும். அது அங்கையிருந்து இஞ்சை வராதோ? ஆரும் எடுத்து எறிஞ்சிருப்பான். புல்டோசர் தள்ளியிருக்கும். தட்டு இஞ்சை கிடந்தால் பட்டறை இஞ்சை இருந்தது எண்டு ஆர் சொன்னது?"

இதை நீங்கள் கவனிக்கவேண்டும். அவர் கோபத்தில் சொன்னாலும் சொன்னது சரி. நான் சாமானை அடையாளம் கண்டதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். சாமான் நடக்கும். அதை வைத்து வேலை செய்த இடம் நடக்காது.

"அப்ப மண்ணைக் கேட்பம் அக்கா. தியாகர் ஐயாவும் விதானையாரும் வரட்டும், எல்லாருக்கும் முன்னாலை."

மூன்று மணிக்கு விதானையார் மோட்டார் சைக்கிளில் வந்தார். இளம் ஆள், ஹெல்மெட்டைக் கழற்றாமலே கடதாசிகளை எடுத்தார். நான் தியாகரிடம் என் பிழையைச் சொன்னேன். அவர் சால்வையை ஒருமுறை உதறிப் போட்டுக்கொண்டார்.

பையிலிருந்த காந்தத்தைப் பொலித்தீன் பையால் சுற்றினேன். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடிக்கும்போது மேலே மெல்லிய செதில் உரிந்து பறக்கும். பட்டறையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், தலைமயிர்வரை ஒட்டும். வருடக்கணக்காக அடித்த இடத்தில் அது நிலத்துக்குள் போய்ப் படியும். கூட்டினாலும் முழுதாகப் போகாது.

கிழக்கு அத்திவாரத்தில் ஒரு முழம் தோண்டி, அடி மண்ணில் காந்தத்தை இழுத்தேன். தாடி முளைத்ததுபோல் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கத்துச் சிவப்பு மண்ணும் காந்தத்தில் கொஞ்சம் ஒட்டும், ஆனால் ஊதினால் போய்விடும். ஊதினேன். மிஞ்சியது கறுப்பு, தட்டை, மீன் செதில்போல. நகத்தால் அழுத்த நொருங்கியது. விதானையார் குனிந்து பார்த்தார்.

"இதுதானோ ஆதாரம்?"

"பாதி. மற்ற இடத்தையும் பார்க்கவேணும்."

மேற்கு அத்திவாரத்தில் மண்வெட்டியைப் பரமேசக்கா என் கையிலிருந்து பறித்தார். அவரே வெட்டினார். இரண்டு இடத்தில், மூன்று இடத்தில் வெட்டினார். ஒவ்வொரு முறையும் காந்தத்தை இழுத்தேன். சிவப்பு மண் ஒட்டியது, ஊதப் போனது. ஒரு வளைந்த ஆணி வந்தது. வேறொன்றும் இல்லை.

"இன்னும் ஆழமாய்," என்றார். "ஆழமாய் இருக்கும்."

நாலாவது குழியில் மண்வெட்டியை எறிந்துவிட்டுக் கையால் கிளறினார். கை நின்றது. எதையோ பொத்திப் பிடித்தார். நான் அவருக்கு நேர் முன்னால் இருந்தேன், எனக்கு மட்டும்தான் தெரிந்தது. மற்ற இருவரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். பொத்திய கையை மண்ணுக்குள் திரும்ப விட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் கையை விரித்து என் முன்னால் நீட்டினார்.

"இது என்ன?"

ஒரு சின்ன மண் கிண்ணத்தின் உடைந்த துண்டு. உள்பக்கம் கண்ணாடிபோல் கறுத்துப் பளபளத்தது.

"மூசை. தங்கம் உருக்கிறது."

"அப்ப நகைக் கொட்டில் இதுதான்."

"ஓம் அக்கா."

எழும்பிச் சேலையில் கையைத் துடைத்தார். "கடதாசியைக் கொண்டாங்கோ விதானையார்," என்றார்.

தியாகருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை, சந்தோசத்தால் அல்ல, சங்கடத்தால். "பரமேசு, பிள்ளை, கிணறு ஆரின்ரை பேரிலை இருந்தால் என்ன? நீ எப்ப வேணுமெண்டாலும் வந்து அள்ளு. நான் ஒரு சொல்லுக் கேட்கமாட்டன்."

"நீங்கள் கேட்கமாட்டியள் ஐயா. எனக்குத் தெரியும்," என்றார் பரமேசக்கா. "ஆனால் நான் கேட்டுத்தானே அள்ளவேணும்."

இருவரும் கையெழுத்து வைத்தார்கள். விதானையார் என்னையும் சாட்சியாகப் போட விரும்பினார்.

"விலாசம்?"

"இப்ப இல்லை."

"இல்லையோ? விலாசம் இல்லாமல் சாட்சி எப்பிடிப் போடுறது? எங்கை இருக்கிறியள்?"

"நடந்துகொண்டிருக்கிறன்."

அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பரமேசக்கா குறுக்கே வந்தார்.

"என்ரை விலாசத்தைப் போடுங்கோ. சோறு இஞ்சைதானே திண்டவர்."

அப்படியே எழுதினார். என் வாழ்நாளில் அரசாங்கக் கடதாசியில் என் பெயருக்குக் கீழே ஒரு விலாசம் விழுந்தது அன்றுதான்.

மற்ற ஆட்களின் பட்டறைகளில் பிறகு எத்தனையோ பழைய சாமான்களைப் பார்த்திருக்கிறேன். இப்போதும் சிலர் படம் எடுத்து அனுப்பி "இது என்ன?" என்று கேட்கிறார்கள். கழுவிவிட்டு எடுத்து அனுப்புங்கள் என்பேன். இரண்டு பக்கமும் எடுங்கள் என்பேன். எங்கே கிடந்தது என்பேன். அதற்கு முன் வாய் திறப்பதில்லை. கிடைக்கிற விடை ஒருவருடைய கிணற்றைக் கொண்டுபோகக்கூடும் என்று தெரிந்தால் நீங்களும் திறக்கமாட்டீர்கள்.

அன்று இரவு பக்கத்துக் கோயில் மண்டபத்தில் படுத்தேன். விடிய எழும்பிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த ஒழுங்கையால் போகாமல் வேறு வழியால் போகப் பார்த்தேன். வேறு வழி இருக்கவில்லை, கடைசியில் முட்கம்பி. திரும்பி அந்தக் காணியைக் கடக்கும்போது பரமேசக்கா புதிய எல்லைக்கு இப்பால், தன் பக்கத்தில், ஒரு கட்டையை நட்டுக் கயிறு கட்டி நிலத்தில் வட்டம் கீறிக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

"ஓய்! எங்கை போறீர்?"

நின்றேன்.

"கிணத்தை இல்லாமல் பண்ணினது நீர்தானே. வந்து புதுசொண்டு வெட்டும்."

"அக்கா, இது எனக்குத் தெரியாத தொழில். உவர் தண்ணியும் வரலாம்."

"வந்தால் வரட்டும். என்ரை உவர்." கல்லுடைக்கிற அலவாங்கை எடுத்து என் பக்கம் நீட்டினார். நுனி மழுங்கியிருந்தது. "முதல்லை இதைக் கூராக்கும். கீழை கல்லு."

பையை இறக்கி வைத்துவிட்டு அரத்தை எடுத்தேன்.